சுண்டைக்காயும் சுமைகூலியும்

2024 ஜூலை 13 அன்று விக்கிரவாண்டி இடைத்தேர்தல் வாக்குகள் பனையபுரம் அரசுப் பள்ளியில் எண்ணப்பட்டன. 276 வாக்குச்சாவடி, 14 மேசை, 20 சுற்று. தி.மு.க.வின் அன்னியூர் சிவா 1,24,053 வாக்கு, பா.ம.க.வின் சி. அன்புமணி 56,296 வாக்கு, வித்தியாசம் 67,757. சுற்றுக்குச் சுற்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், பலகையில் எழுதினார்கள், அடுத்த நிமிடம் கைப்பேசியிலும் வந்துவிட்டது. வாக்குக் கணக்கு ஒற்றை இலக்கம்வரை ஊருக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட எத்தனை ரூபாய் ஆனது என்பதற்கு மட்டும் அப்படியொரு பலகை இல்லை.

தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குத் தகவல் உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. வெள்ளைத் தாளில் ஒரு மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இதற்கு ‘ஆர்டிஐ போடுவது’ என்று பெயர். பட்டா மாறுதலுக்கும் சாலைப் பணிக்கும் கைபழகிப்போன இந்த ஆயுதத்தை வாக்கு எண்ணும் செலவின்மீது பிரயோகித்தால் என்ன கிடைக்கும், எது நழுவிப்போகும் என்று எடைபோடுவதே இக்கட்டுரை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் பில்கள் கிடைக்கும், கூட்டுத்தொகை கிடைக்காது. கூட்டிப் போடும் வேலையை மனுதாரர் தலையில் கட்டுவதுதான் இதன் முதல் குறை. அப்படிக் கூட்டி வந்த தொகையை, எண்ணிக்கை நாணயமாக நடந்ததா என்ற கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வது மனுதாரரே செய்துகொள்ளும் இரண்டாவது பிழை.

விலை வேறு, செலவு வேறு

மின்னணு வாக்குப்பதிவு என்றதும் பேச்சு இயந்திரத்தின் விலைக்குப் போய்விடும். அந்த விலை ரகசியம் ஒன்றுமில்லை. 2006க்கும் 2010க்கும் இடையில் வாங்கிய இயந்திரம் ஒன்று 8,670 ரூபாய் என்றும், அதற்குப் பின் வந்த எம்-3 வகை ஏறக்குறைய 17,000 ரூபாய் என்றும் தேர்தல் ஆணையமே தன் கேள்வி-பதில் பட்டியலில் சொல்லியிருக்கிறது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவது பற்றி 2023இல் அரசுக்குக் கொடுத்த உத்தேசக் கணக்கில், வேட்பாளர் பெயர் ஒட்டும் பேலட் யூனிட் 7,900 ரூபாய், வாக்கைச் சேமிக்கும் கன்ட்ரோல் யூனிட் 9,800 ரூபாய், சீட்டு காட்டும் விவிபேட் 16,000 ரூபாய். செய்பவை இரண்டே நிறுவனங்கள்: பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். இரண்டும் பொதுத்துறை.

விக்கிரவாண்டிக்கு இந்த விலையைப் பொருத்திப் பார்ப்போம். களத்தில் 29 பேர். நோட்டாவையும் சேர்த்தால் 30 பொத்தான். ஒரு பேலட் யூனிட்டில் 16 பொத்தான்தான் உண்டு. ஆகவே ஒவ்வொரு சாவடியிலும் இரண்டு யூனிட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. ஒரு சாவடிக்கு 41,600 ரூபாய்ப் பொருள் என்றால், 276 சாவடிக்கு, மாற்றுக்கு வைத்திருந்தவற்றை விட்டுவிட்டே, 1,14,81,600 ரூபாய். இதை அந்த ஒரு தேர்தலின் செலவு என்று எழுதினால் பொய். இயந்திரத்துக்கு ஆயுள் 15 ஆண்டு. இன்று விக்கிரவாண்டிக்கு வந்தது நாளை வேறு மாவட்டத்துக்குப் போகும். எழுதாமல் விட்டாலும் பொய்தான். தேய்மானம் இல்லாத பொருள் உலகத்தில் உண்டா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இயந்திரம் சுண்டைக்காயா சுமைகூலியா என்று தெரிய, எண்ணும் நாளன்று மேசைக்கு அருகே போய் நிற்க வேண்டும். கம்பி வலைக்கு வெளியே முகவர்கள் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஓர் எண்ணும் மேற்பார்வையாளர், ஓர் உதவியாளர், மத்திய அரசு ஊழியரான நுண் பார்வையாளர் ஒருவர். பெட்டியிலிருந்து எடுத்த கன்ட்ரோல் யூனிட்டின் முத்திரையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். அதன் எண்ணை வாக்குப்பதிவுக் கணக்கான 17சி படிவத்தோடு ஒப்பிடுகிறார்கள். ‘ரிசல்ட்’ பொத்தானை அழுத்தியதும் ‘பீப்’ என்ற சத்தத்தோடு ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணாக வருகிறது. இயந்திரத்தின் வேலை அவ்வளவுதான், சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்காக 14 மேசையில் 42 பேர், அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி வகுப்பு, மதிப்பூதியம், சாப்பாடு, தேநீர். அவர்களைச் சுற்றிச் சவுக்குக் கட்டையும் தகரமும் அடித்த தடுப்பு, வாடகைக் கேமரா, ஜெனரேட்டர், கணினி, லாரி. வாக்குப்பதிவு முடிந்த இரவிலிருந்து எண்ணும் காலைவரை வைப்பறைக் காவல். 2025 ஆகஸ்டில் ஆணையம் மதிப்பூதியத்தை உயர்த்தியபோது எண்ணும் உதவியாளருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் 450 ஆனது. இயந்திர விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வரியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதில் யார் பணம் எது என்பதும் ஒரு முடிச்சு. மக்களவைத் தேர்தலை நடத்தும் செலவு மத்திய அரசுடையது; சட்டமன்றத் தேர்தல் என்றால் மாநில அரசுடையது; இரண்டும் ஒன்றாக வந்தால் பாதிப்பாதி. சட்டம் ஒழுங்குச் செலவு எப்போதும் மாநிலத்தின் தலையில். ஆகவே 2024 ஜூன் 4 அன்று விழுப்புரம் மக்களவைத் தொகுதிக்காக எண்ணிய செலவு ஒரு கணக்கில், ஐந்து வாரம் கழித்து அதே மாவட்டத்தில் விக்கிரவாண்டிக்காக எண்ணிய செலவு இன்னொரு கணக்கில். தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையோடு ஒத்துப்போவதில்லை. 2009இல் திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்து விழுப்புரம் தொகுதி பிறந்தது. திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர் ஆகியவற்றோடு, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் உளுந்தூர்பேட்டையும் அதற்குள் வருகிறது. செஞ்சியும் மயிலமும் விழுப்புரம் மாவட்டம்தான். மக்களவைக்கு மட்டும் ஆரணி. ‘விழுப்புரத்தில் எண்ணியதற்கு எவ்வளவு?’ என்று ஒருவர் கேட்டால், எந்த விழுப்புரம் என்று அலுவலகம் திருப்பிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பத்து ரூபாயின் பலம்

இத்தனை முடிச்சையும் அவிழ்க்க ஒரு சாதாரண ஆளுக்குக் கிடைத்திருக்கும் கருவியின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தகவல் உரிமைக்குச் சட்டம் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. அந்தச் சட்டத்தில் விலக்குகள் மலிந்திருந்ததால் அது ஊருக்குள் இறங்கவில்லை. 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் மனுவைத் திண்டிவனத்து நீதிமன்ற வாசல்வரை கொண்டுவந்தது. ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்க முடியாது. பிரிவு 6(2) அதைத் தடுக்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு, சில நாளிலேயே தானாக அந்த வரியைத் திரும்பப் பெற்றதும் நடந்திருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும். தகுந்த காரணமின்றி மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம், அதுவும் அவர் சொந்தப் பணத்திலிருந்து. மனு தவறான அலுவலகத்துக்குப் போனாலும், அதை 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றிவிடுவது அந்த அலுவலகத்தின் கடமை.

செலவுத் தகவலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கருத்து, விளக்கம், நோக்கம் என்று கேட்டால் அலுவலகம் வழுக்கிவிடும். பணம் என்றால் வழுக்க இடம் குறைவு. அரசுப் பணம் ஒரு ரூபாய் வெளியே போனாலும் அனுமதி உத்தரவு, விலைப்புள்ளி, பட்டியல், பற்றுச்சீட்டு, ரொக்கப் பதிவேட்டு வரி என்று ஐந்தாறு காகிதத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகும். தணிக்கை வரும் என்ற பயத்தில் அந்தக் காகிதத்தை யாரும் தொலைப்பதில்லை. வாக்கு எண்ணிக்கையின் மற்றப் பக்கங்கள் மூடிக்கொண்டே வரும் காலத்தில், செலவுப் பக்கம் இன்னும் திறந்திருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரே கேள்வி, இரண்டு மனு

இந்தப் பலம் யாருக்குக் கைகொடுக்கும் என்பது மனுவை எழுதும் விதத்தில் இருக்கிறது. முதல் மனு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் மின்னணு வாக்கு எண்ணிக்கைக்கு ஆன மொத்தச் செலவு எவ்வளவு? வாக்குச்சீட்டு முறையில் எண்ணியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? இந்த வேறுபாடு நியாயமானதா?’ மூன்று கேள்விக்கும் ஒரே வரியில் பதில் வந்துவிடும்: ‘கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை.’ ஆத்திரப்படலாம், ஆனால் சட்டம் அலுவலகத்தின் பக்கம். கையிலிருக்கும் ஆவணத்தைத் தருவதே கடமை, இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011 ஆகஸ்டில் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு விடைத்தாளைப் பார்க்கும் உரிமையைப் பற்றியது. உரிமையைத் திறந்துவிட்ட அதே தீர்ப்பு இந்தத் தாழ்ப்பாளையும் போட்டது.

இரண்டாவது மனு கேள்வியே கேட்காது. ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்கும். எண்ணும் மையத்தில் தடுப்பும் பந்தலும் அமைக்கப் பொதுப்பணித் துறைக்குக் கொடுத்த அனுமதி உத்தரவும் இறுதிப் பட்டியலும். கேமரா வாடகைக்கான விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல். எண்ணும் பணியாளருக்கு மதிப்பூதியம் கொடுத்த பட்டுவாடாப் பட்டியலின் மொத்தத் தொகை. உணவு, வாகனம், ஜெனரேட்டர் பற்றுச்சீட்டுகள். குறிப்பிட்ட நாள்களுக்கான ரொக்கப் பதிவேட்டுப் பக்கங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். இன்னும் சிக்கனமாக முடிக்க, ‘கோப்பை நேரில் பார்வையிட அனுமதிக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முதல் ஒரு மணி நேரம் இலவசம். ஆட்சியரகப் பெருந்திட்ட வளாகத்தில் தேர்தல் பிரிவு மேசையின் எதிரே உட்கார்ந்து அந்தக் கோப்பைப் புரட்டும் ஒரு மணி நேரம், மூன்று மனு கொண்டுவராததைக் கொண்டுவரும்.

ஆனால் இரண்டாவது மனுவை எழுத எத்தனை பேரால் முடியும்? கோப்பின் பெயர் தெரிந்தவர்தான் கோப்பைக் கேட்க முடிகிறது. ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக்காரரும், கட்சி வழக்கறிஞரும், பழகிய நிருபரும் எழுதுவார்கள். மயிலம் பக்கத்து விவசாயி முதல் மனுவைத்தான் எழுதுவார், ஒரு வரிப் பதிலோடு திரும்பியும் விடுவார். எல்லோருக்கும் பொது என்று வந்த உரிமை உள்விவரம் தெரிந்தவருக்கே பலன் தருகிறது. இந்தக் குறையைச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் பார்க்க முடியாது. பதில் கடிதங்களில்தான் பார்க்க முடியும்.

ஒரே மாவட்டம், இரண்டு முறை

மின்னணு எண்ணிக்கை மலிவா, சீட்டு மலிவா என்ற விவாதத்துக்கு விழுப்புரம் மாவட்டத்தில் அபூர்வமான ஒரு வாய்ப்பு கோப்புகளில் உறங்குகிறது. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. விழுப்புரமும் அதில் ஒன்று. ஊராட்சிகளில் வாக்குச்சீட்டுதான். ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அக்டோபர் 12இல் எண்ணிக்கை. நான்கே மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 19இல் விழுப்புரம், திண்டிவனம் உள்ளிட்ட நகராட்சிகளில் வாக்குப்பதிவு, அங்கே இயந்திரம். பிப்ரவரி 22இல் எண்ணிக்கை. இரண்டையும் நடத்தியது ஒரே மாநிலத் தேர்தல் ஆணையம். அதே மாவட்டம், ஏறக்குறைய அதே விலைவாசி, அதே அரசு ஊழியர்கள். திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் சீட்டைக் குத்திப் போடும் ஊராட்சி. இந்தப் பக்கம் பொத்தானை அழுத்தும் நகராட்சி.

இரண்டு கோப்பையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு தயார் என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். வாக்காளர் ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்தால் சீட்டு முறை அநியாயத்துக்குச் செலவு பிடித்ததாகத் தெரியும். காரணம், அங்கே ஒருவர் போட்டது நான்கு வாக்கு, நகராட்சியில் ஒன்றே ஒன்று. நான்கு நிறச் சீட்டும் கலந்து கிடக்கும் பெட்டியைக் கவிழ்த்து, முதலில் நிறம் பிரித்து, வார்டு பிரித்து, கட்டுக் கட்டி, பிறகல்லவா எண்ணத் தொடங்க வேண்டும்? வாக்குக்கு எவ்வளவு என்று வகுத்தால் படம் மாறும். அந்தக் கணக்கிலும் இயந்திரத்தின் தேய்மானமும், அது வைத்திருந்த கிடங்கின் காவலும், தேர்தலுக்கு முன் பொறியாளர்கள் வந்து நடத்தும் முதல்கட்டச் சரிபார்ப்பும் சேர்ந்திருக்காது. பெட்டி பழையது, அச்சுக்கூலி புதியது. இயந்திரம் பழையது, அதன் பராமரிப்பு வேறு யாருடைய கணக்கிலோ. மனுவில் ‘பயன்படுத்திய இயந்திரங்கள் யாருடையவை, எந்த ஏற்பாட்டின் பேரில் வந்தன’ என்ற ஆவணத்தையும் கேட்காதவர், இயந்திரம் வானத்திலிருந்து இலவசமாக விழுந்ததாகவே கணக்கு எழுதுவார்.

காசு கணக்கில் வராத ஒன்றும் உண்டு, நேரம். ஊராட்சி எண்ணிக்கை இரவெல்லாம் நீண்டு மறுநாளைத் தொட்டது. நகராட்சிகளில் பெரும்பாலும் மதியத்துக்குள் மாலை விழுந்துவிட்டது. 2019இல் விவிபேட் சீட்டுகளில் பாதியை எண்ணச் சொன்ன எதிர்க்கட்சிகளுக்கு ஆணையம் சொன்ன பதிலும் ரூபாயில் இல்லை, முடிவு 5.2 நாள் தள்ளிப்போகும் என்றது. உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலில் சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து விவிபேட் என்று நிறுத்தியது. விழுப்புரம் மக்களவைத் தொகுதிக்கு அப்படிப் பார்த்தால் ஆறு பகுதிக்கு 30. அந்த ஐந்து நாள் தாமதத்தின் விலை எந்தப் பற்றுச்சீட்டிலும் இருக்காது.

வெளியுலகில் ஓர் எடுத்துக்காட்டு போதும். லண்டன் மேயர் தேர்தலில் 2000 முதல் 2021வரை காகிதச் சீட்டை ஸ்கேனர் கொண்டு எண்ணினார்கள். 2024இல் கைக்குத் திரும்பினார்கள். அங்கேயும் செலவு விவரம் தகவல் சட்டத்தின் வழியே கேட்டு வாங்கப்பட்டதுண்டு. பிரிட்டனின் உள்ளாட்சி அமைப்பு ஒன்றில், தேடித் தர 18 மணி நேரத்துக்குமேல் பிடிக்கும் என்றால் மனுவையே தள்ளிவிடலாம். நம் சட்டத்தில் அப்படி மணிக்கணக்கு இல்லை. அலுவலகத்தின் வேலையை அளவுக்குமீறித் திசைதிருப்பும் என்றால், கேட்ட வடிவத்தில் தராமல் வேறு வடிவத்தில் தரலாம் என்று பிரிவு 7(9) சொல்கிறது. மறுக்கச் சொல்லவில்லை. இந்த இடத்தில் நம் சட்டம் ஒரு படி மேல்தான்.

எங்கே கதவு சாத்தப்படுகிறது

முதல் தாழ்ப்பாள் வணிக ரகசியம். இயந்திரத்தின் விலை தெரியும். விலைக்குள் இருக்கும் உதிரிப் பாகத்தை யார் தயாரிக்கிறார்கள், யார் சப்ளை செய்கிறார்கள் என்று கேட்ட மனுவுக்கு 2024இல் அந்த இரு பொதுத்துறை நிறுவனங்களும் பிரிவு 8(1)(டி)யைக் காட்டி மறுத்துவிட்டன. தனியார் போட்டியாளரிடமிருந்து காப்பாற்ற வந்த விலக்கு, போட்டியே இல்லாத ஒரு பொருளுக்குக் கவசமாகிறது. வாங்குவது அரசு, விற்பது அரசு, பயன்படுத்துவது மக்கள். இதில் யாரிடமிருந்து யாருக்கு ரகசியம்? பாதுகாப்புக் காரணம் என்று சொல்லியிருந்தால் விவாதிக்க இடமுண்டு. வணிகம் என்று சொன்னதுதான் பலவீனம்.

இரண்டாவது, மௌனம். இயந்திரங்களின் நம்பகத்தன்மை பற்றி ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் உள்ளிட்டோர் 2022 மேயில் கொடுத்த மனுவின்மீது என்ன நடவடிக்கை என்று அந்த நவம்பரில் ஆர்டிஐ போடப்பட்டது. உரிய காலத்தில் பதில் தராததற்கு மத்தியத் தகவல் ஆணையம் தன் கடும் அதிருப்தியைப் பதிவுசெய்தது 2024 ஏப்ரலில். கேட்டவர் நிர்வாகத்தின் நெளிவுசுளிவு தெரிந்த முன்னாள் அதிகாரி. அவருக்கே ஒன்றரை ஆண்டு.

மூன்றாவது, கடிகாரம். 30 நாள் பதிலுக்கு, முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 முதல் 45 நாள், இரண்டாவது மேல்முறையீடு தாக்கல் செய்ய 90 நாள் அவகாசம், பிறகு ஆணையத்தின் வரிசை. பற்றுச்சீட்டு இந்தக் காத்திருப்பைத் தாங்கும், காணொளி தாங்காது. விழுப்புரத்துக்காரர்களுக்கு இது வெறும் வாதமில்லை. 2024 ஏப்ரல் 19இல் வாக்களித்து ஜூன் 4வரை காத்திருந்த அந்த ஒன்றரை மாதத்தில், மே மாதத் தொடக்கத்தில் விழுப்புரம் வைப்பறையின் கண்காணிப்புக் காட்சி சிறிது நேரம் நின்றுபோனது. அதற்குச் சில நாள் முன்பு நீலகிரியிலும் அப்படியே. வேட்பாளர்கள் பதறினார்கள், அதிகாரிகள் தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அந்தக் கேமராவுக்கு வாடகை எவ்வளவு என்று ஆர்டிஐ சொல்லும். அது என்ன பார்த்தது என்று சொல்லாது. 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதி 93 திருத்தப்பட்டு, பொதுமக்கள் பார்வையிடும் ஆவணங்கள் விதிகளில் பெயர் சொன்னவையாகச் சுருங்கின. 2025 மே இறுதியில், தேர்தல் வழக்கு இல்லையென்றால் 45 நாளில் காணொளியை அழித்துவிடலாம் என்று ஆணையம் மாவட்டங்களுக்கு எழுதியது. முதல் பதிலும் முதல் மேல்முறையீடும் முடிவதற்குள் அழிக்க வேண்டியது அழிந்திருக்கும். கேமராவின் பில் பத்திரமாக இருக்கும்.

நான்காவது புதியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) மாற்றப்பட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க, அது பொதுச் செயல்பாட்டோடு தொடர்பற்றது என்று அலுவலகம் காட்ட வேண்டும். இப்போது ‘தனிநபர் தகவல்’ என்ற இரண்டு சொல் போதும். பந்தல் போட்ட ஒப்பந்ததாரர் யார், வாகனம் ஓட்டியவர் யார் என்ற வரி கறுப்பு மையில் மூழ்க இது வழிசெய்கிறது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்கும் சுமை இனி மனுதாரருடையது. தொகை மட்டும் தெரிந்து பெயர் தெரியாத பில்லை வைத்து ஊழலைக் கண்டுபிடிக்க முடியுமா?

மனுதாரர் பக்கமும் குறை உண்டு. தேர்தல் பிரிவு பெரிய படையல்ல; ஒரு தாசில்தார், விரல்விட்டு எண்ணக்கூடிய உதவியாளர்கள். வாக்காளர் பட்டியல் திருத்தமும் அங்கே, இயந்திரக் கிடங்கின் காலாண்டு ஆய்வும் அங்கே. ‘2001 முதல் இன்றுவரை அனைத்துத் தேர்தல்களின் அனைத்துச் செலவினங்களும்’ என்று எழுதிப் போடும் மனு எதையும் வெளியே கொண்டுவராது. அடுத்து வரும் ஒழுங்கான மனுவையும் அது எரிச்சலுக்கு ஆளாக்கும். தோற்ற கட்சிக்காரர் மட்டும் கேட்பது, வென்றதும் மறந்துவிடுவது இன்னொரு நோய். செலவுக் கணக்கு தோல்விக்கு ஆறுதல் தேடும் இடமாகிவிட்டால், கேட்கிறவர் எல்லோரையும் அலுவலகம் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும்.

ரூபாயால் அளக்க முடியாதது

இங்கே இரண்டாவது பிழைக்கு வருகிறேன். செலவு குறைவு என்று தெரிந்தால் எண்ணிக்கை நல்லது என்று ஆகிவிடுமா? மொடக்குறிச்சியை நினைத்துப் பார்க்கலாம். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சாயிற்று. செலவு, சிரமம் இரண்டிலும் அதுபோல் இன்னொரு தேர்தல் நடந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொரு வாக்காளரும் தன் சீட்டைத் தானே பார்த்தார், மடித்தார், போட்டார். 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் வாக்கு இயந்திரங்களைத் தள்ளியபோது, மோசடி நடந்ததாகச் சொல்லவில்லை; தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் எண்ணிக்கையின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. அந்த அளவுகோலில் ரூபாய்க்கு இடமில்லை.

நம் ஊரில் சந்தேகத்துக்கே விலைச்சீட்டு கட்டப்பட்டிருக்கிறது. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சீட்டு முறைக்குத் திரும்பவும் மாட்டோம், விவிபேட் முழுவதையும் எண்ணவும் மாட்டோம் என்றது. அதேநேரம், இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர் ஏழு நாளுக்குள் கேட்டால், சட்டமன்றப் பகுதிக்கு 5 விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கலாம் என்று ஒரு வழி வைத்தது, செலவு கேட்பவருடையது. ஆணையம் 2024இல் வைத்த கட்டணம் தொகுப்புக்கு 40,000 ரூபாய், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 47,200. தமிழ்நாட்டிலிருந்து விருதுநகர், வேலூர் வேட்பாளர்கள் அப்படிக் கேட்டவர்களில் அடக்கம். உத்தேச விலைப்படி மூன்று கருவியும் சேர்ந்த ஒரு தொகுப்பு 33,700 ரூபாய். புதிதாக ஒன்று வாங்குவதைவிடப் பழையதைச் சோதிப்பது விலை கூடுதல்! முன்னே சொன்ன பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. அந்த 40,000 எப்படிக் கணக்கிடப்பட்டது, பொறியாளர் கூலி எவ்வளவு, பயணப்படி எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் ஒரு மனு, நான் இதுவரை சொன்ன எல்லா மனுவையும்விடப் பயனுள்ளது. அங்கே செலவும் நம்பிக்கையும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன.

ஒரு தேநீரின் கணக்கு

குறைகளைக் கூட்டிப் பார்த்த பிறகும் இந்த வழியைக் கைவிடச் சொல்ல மாட்டேன். அது பலவீனமாக இருப்பதற்குக் காரணம், கேட்டால் மட்டும் தரும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, கேட்காமலே தர வேண்டியதை நாம் தேடிக்கொண்டிருப்பதுதான். தானாக முன்வந்து வெளியிட வேண்டியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 பட்டியலே போட்டிருக்கிறது. பட்ஜெட்டும் பட்டுவாடாவும் அதில் உண்டு. ஒரு தேர்தல் முடிந்ததும், எண்ணும் மையத்துக்கு ஒரு பக்கம் என்று செலவு அறிக்கை ஒட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், அதே மாவட்டத் தேர்தல் அலுவலர் வேட்பாளர்களிடம் என்ன கேட்கிறார் என்று பார்க்கச் சொல்வேன். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்குள், மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்குள் செலவை முடிக்க வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம். பிரச்சாரத்தில் வாங்கிக் கொடுத்த தேநீருக்கும் இட்லிக்கும் பிரியாணிக்கும் நாற்காலி வாடகைக்கும் என்ன விலை போட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகமே விலைப்பட்டியல் வெளியிடுகிறது. அந்தக் கணக்கு அறிவிப்புப் பலகைக்கு வருகிறது, இணையத்தில் ஏறுகிறது. யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டிப் புரட்டிப் பார்க்கலாம் என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது.

பனையபுரத்தில் அன்று கம்பி வலைக்கு வெளியே நின்ற முகவர் குடித்த தேநீர், அவருடைய வேட்பாளரின் கணக்கில் விலையோடு ஏற வேண்டியது. வலைக்கு உள்ளே குடித்த தேநீரின் கணக்கு ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பத்து ரூபாய் வில்லை வேண்டும், முப்பது நாள் பொறுமை வேண்டும், கோப்பின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.